பற்றாத பொறி

சிவகாசியில் நெருப்புப் பொறிக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அங்கே அச்சுக்கூடம் வைத்திருக்கும் என் நண்பருடைய மோட்டார் காரில் ஏறி விருதுநகர் வரையில் போன பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. திருத்தங்கல் தாண்டி ஆமத்தூர் வரையில் வண்டி சாதுவாகத்தான் ஓடிற்று. மேம்பாலத்தில் ஏறத் தொடங்கியதும் கக்குவான் கண்ட குழந்தையைப் போல் இருமிக் குலுங்கியது. "இதுதான் மிஸ்ஸிங், நாலு மாதமாக இந்தப் பாடு" என்றார் நண்பர்.

விளையாட்டுக் காரியமாயிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். நண்பரின் தாயாருக்குச் சிறுநீரக நோய். வாரம் இருமுறை அவரை மதுரைக்கு அழைத்துப் போய் இரத்தம் சுத்தி செய்து வர வேண்டும். போக மட்டும் சுமார் 70 கிலோமீட்டர். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த அம்மாள் முன் இருக்கையின் முதுகை இறுகப் பிடித்துக்கொள்வாராம்.

நண்பர் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் ஒரு பட்டறையில் நாலு பிளக்குகளையும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது இடத்தில் பெட்ரோல் பம்பு புதிதாயிற்று. பணம் போயிற்று, மிஸ்ஸிங் போகவில்லை.

மிஸ்ஸிங் என்பது என்ன? இஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 தடவை பொறி பறந்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை எரிய வேண்டும். கலவை சரியாயிருக்க வேண்டும். அது நன்றாக அமுக்கப்பட வேண்டும். பொறி உரிய தருணத்தில் விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாமல் மற்றவற்றுக்குச் சுமையாகிவிடுகிறது.

கடைசியில் விருதுநகரில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் வாயைத் திறந்தார். "எப்ப இருமுது அண்ணாச்சி? காலையில குளிர்ந்திருக்கையிலயா, சூடேறின பிறகா? சும்மா நிக்கும்போதா, மேடு ஏறும்போதா?" நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதற்கு முன் கேட்பது போலிருந்தது. மேடேறும்போது மட்டும்தான் என்று தெரிந்ததும் தலையை அசைத்துக்கொண்டு ஸ்கேனரைப் பொருத்தினார். 'பி 0303' என்று அது காட்டியது. அதாவது குற்றம் மூன்றாவது சிலிண்டரில்.

இந்த இடத்தில் குடும்பத் தலைவிகளைச் சாட்சிக்கு அழைக்கிறேன். தீக்குச்சி பற்றாவிட்டால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? வேறு குச்சியை அதே பெட்டியில் உரசுகிறார்கள். அதுவும் பற்றாவிட்டால் பெட்டியை மாற்றுகிறார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் குற்றம் குச்சியிலா, பெட்டியிலா என்று ஒரு நாளும் தெரியப் போவதில்லை.

மெக்கானிக் செய்ததும் அதுவேதான். மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு அதே மேம்பாலத்தில் ஓட்டினார். காயில் கெட்டிருந்தால் குற்றம் அதனுடன் முதல் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்தபடி பிளக்கை இடம் மாற்றினார், பிறகு இன்ஜெக்டரை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முறை மேம்பாலம். குற்றம் மூன்றிலேயே நின்றது. காற்றழுத்தத்தை அளந்தார், நாலு சிலிண்டர்களுக்கும் அதிக வித்தியாசமில்லை.

"குடியிருக்கிறவங்களை எல்லாம் மாத்தியாச்சு. இனி வீட்டைத்தான் பார்க்கணும்" என்று சொல்லி, இஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவது காயிலுக்கு வரும் ஒயர்க் கட்டை மெள்ள அசைத்தார். இஞ்சின் இருமிற்று! மேலுறையைப் பிரித்தால் எலி கடித்த தழும்பு. செம்புக் கம்பியில் இரண்டொரு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடேறும்போது இஞ்சின் தன் ரப்பர்த் தாங்கிகளின் மேல் சற்றே சாயும், ஒயர் இழுபடும், மின்சாரம் அறுபடும். ஒயரை ஒட்டுப் போட்டு, ஈயம் பற்றவைத்து, உறை மாட்டினார். செலவு ஒரு பிளக்கின் விலைகூட ஆகவில்லை.

மிஸ்ஸிங்குடன் எப்படியோ ஓட்டிவிடலாம் என்று எண்ணும் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்பானுக்குள் போய் அங்கே எரிகிறது. அது பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிப் போவதும் உண்டு. இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த அபாயம் என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும். காய்ந்த புல்லின் மேலோ, காகிதக் குப்பையின் மேலோ நிறுத்தலாகாது. பட்டாசு வட்டாரத்தில் இதை இரண்டு தடவை சொன்னாலும் தகும். ஓடும் இஞ்சினில் காயிலையோ ஒயரையோ நீங்களாகத் தொடவும் வேண்டாம். பொறிக்காக அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட்.

1922-ஆம் வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு மறு வருஷம் திரும்பினார்கள். அந்த வறண்ட சீமைக்குப் பிழைக்க வழி பிறந்தது குருட்டு யோசனையால் அல்ல. பார்த்து, கேட்டு, செய்து கற்றதனால்தான். அதே சீமையில் அந்த முதிய மெக்கானிக்கும் அப்படித்தான் வேலை செய்தார். நண்பர் நாலு மாதமாகப் பணம் கொடுத்தது உறுப்புகளுக்கு. அன்று கொடுத்தது யோசனைக்கு.

சென்ற வாரம் நண்பரின் தாயாரைப் பார்த்தேன். "வண்டி இப்போது எப்படி ஓடுகிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன், மதுரை வந்ததும் எழுப்புகிறான்" என்றார்.