ஏவல் மட்டும் உள்ள மொழி

சினிமாவுக்காக உண்டாக்கிய ஒரு பாஷையைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று நம் கண்ணெதிரே ஒரு புதிய பாஷை உருவாகிக்கொண்டிருக்கிறது. அது யாருக்குப் பயன்படப் போகிறது என்பது நம்மையும் பொறுத்த விஷயம். ஆகவே, மனிதர் திட்டமிட்டு உண்டாக்கிய பாஷைகளின் கதையைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

2015-இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் என்ற கூட்டம் படையெடுத்து வருகிறது. அவர்கள் பேசுவதற்கென்று பாடலாசிரியர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்ற மொழியை அமைத்தார். சுமார் 750 சொற்கள். 40 இலக்கண விதிகள். அவர் ஆஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த சொற்களே அதற்கு வித்து. 'மின்' என்றால் நான். அதைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. நானும் நீயும் எதிரெதிரே நிற்பதை ஒலியின் வரிசையே காட்டிவிடுகிறது. கேட்பவர் அஞ்ச வேண்டும் என்பதற்காக வல்லோசைகளும், நாக்கைச் சொடுக்கும் ஒலிகளும் அதில் சேர்க்கப்பட்டன. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அதைக் கற்பதற்கு ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது.

இந்த உழைப்பைக் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாக்கைச் சொடுக்கும் ஒலி தென்னாப்பிரிக்காவில் ஹோசா மக்களின் அன்றாடப் பேச்சில் உள்ளது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அதுதான். அங்கே தாய் பிள்ளையைக் கொஞ்சுவதும் அந்த ஒலியில்தான். படத்திலோ அது அச்சமூட்டும் காட்டுக் கூட்டத்தின் அடையாளமாகிவிட்டது. புரியாத பேச்சு என்றால் அது வெறும் கூச்சல், பேசுகிறவன் பகைவன் என்ற எண்ணம் சினிமாவோடு நிற்பதில்லை. சுங்குவார்சத்திரம் டீக்கடையில், "வடக்கத்தியான் ஏதோ கத்துகிறான்" என்று நம்மவர் சொல்லும்போதும் அதே எண்ணம்தான் பேசுகிறது. கற்பனைக் காலகேயனுக்கே 40 விதிகளில் இலக்கணம் உண்டென்றால், ஒடியா பேசும் தொழிலாளியின் பேச்சு எப்படிக் கத்தலாகும்?

அச்சமூட்டுவதற்கு ஒரு பாஷை இருப்பதுபோல, வேலை வாங்குவதற்கும் ஒரு பாஷை இருந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் பல மொழி பேசினார்கள். சுரங்கக் கம்பெனிகள் 'ஃபனகலோ' என்ற கலப்புப் பேச்சை அவர்களுக்குப் பயிற்சியாகவே கற்பித்தன. சொற்களில் பெரும்பகுதி சூலு மொழியைச் சேர்ந்தவை. மீதி ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும். சூலு மொழியின் வளமான இலக்கணமெல்லாம் உதிர்க்கப்பட்டது. எஞ்சியதில் கருவிப் பெயர்களும் கட்டளைகளும் மலிந்திருந்தன. 'ஃபனகலோ' என்ற பெயருக்கே 'இதைப் போலச் செய்' என்றுதான் பொருள். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம்மவர் வாயிலும் அது புழங்கியது. அதனால் 'இசிகூலா', கூலிக்காரர் பேச்சு, என்ற இழிபெயரும் அதற்கு உண்டு. வெள்ளை முதலாளி உத்தரவிடுவதற்கும் கறுப்புத் தொழிலாளி கீழ்ப்படிவதற்குமான பேச்சு என்று சுயமரியாதையுள்ள தொழிலாளர் அதை வெறுத்ததில் வியப்பில்லை.

மூன்றாவதாக இன்னொரு பாஷை. சாமன்ஹோப் என்ற கண் வைத்தியர் 1887-இல் வார்சா நகரில் 'எஸ்பெராண்டோ'வின் முதல் நூலை வெளியிட்டார். ருஷ்யரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் ஒருவரையொருவர் வெறுத்து வாழ்ந்த பியாலிஸ்டாக் நகரில் பிறந்து வளர்ந்தவர் அவர். எல்லோருக்கும் பொதுவாக, எவருக்கும் எஜமான மொழியாக இல்லாத ஒன்று வேண்டும் என்று எண்ணினார். பதினாறே விதிகள். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். 'லபோரோ' என்றால் உழைப்பு, 'லபோரிஸ்டோ' உழைப்பாளி, 'லபோரெயோ' உழைக்கும் இடம். வேர் ஒன்றைக் கற்றால் கிளைகளைத் தொழிலாளி தானே உண்டாக்கிக்கொள்ளலாம்.

அதில் நம் கருத்தைக் கவர்வது 'சூ' என்னும் சிறு சொல். போலிஷ் மக்கள் தெருவில் பேசும் வினாச் சொல்லிலிருந்து எடுத்தது. எந்த வாக்கியத்தின் முன்னும் அதை வைத்தால் போதும், கேள்வியாகிவிடும். கட்டளையிட மட்டுமன்றிக் கேட்கவும் எளிய வழி வைத்த பாஷை அது. 1921-இல் பிராக் நகரில் தொழிலாளர்களின் எஸ்பெராண்டோ சங்கம் ஒன்று பிறந்தது. ஹிட்லர் ஆட்சி இந்த இயக்கத்தை நசுக்கியது. சோவியத் நாட்டிலும் 1937-38 அடக்குமுறையில் அதன் தலைவர் திரேசன் உட்படப் பலர் மாண்டனர். இந்த உண்மையை மறைப்பதற்கில்லை. எல்லை கடந்து சாமானியர் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அதிகாரத்துக்கு எப்போதும் உறுத்தும்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூருக்குக் கலப்பு மொழி புதிதல்ல. இங்கே பிறந்த இராமானுசரின் வழிவந்த உரையாசிரியர்கள், தமிழையும் வடமொழியையும் கோத்து மணிப்பிரவாளத்தில் எழுதினார்கள். இன்று தொழிற்சாலைக்குள் வேறொரு மணிப்பிரவாளம் நடக்கிறது. ஷிப்டு, லைன், டார்கெட், ஓவர்டைம் எல்லாம் ஆங்கிலம். 'கெய்சன்' ஜப்பானியச் சொல். 'நல்ல மாற்றம்' என்று பொருள். (அந்த நன்மை யாருக்கு என்பது வேறு விஷயம்.) ஆனால் வினைச்சொல் நம்முடையது. தமிழ்த் தொழிலாளி 'ஓவர்டைம் பண்றோம்' என்கிறான். பீகார்த் தொழிலாளி 'ஓவர்டைம் கர்தே ஹை' என்கிறான். இரண்டிலும் பெயர் முன்னே, வினை பின்னே. கட்டுமானம் ஒன்றே!

பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, வங்காளம், அசாம் என்று பல மாநிலத்தார் வந்து உழைக்கும் வட்டாரம் இது. வந்தவர்கள் முதலில் கற்கும் தமிழ் எது? வா, போ, எடு, தூக்கு, சீக்கிரம். நம் மேஸ்திரிகள் முதலில் கற்கும் இந்தி எது? ஜல்தி, உட்டாவ், சலோ. எல்லாம் ஏவல்! கேள்வி என்று ஒன்று வந்தாலும், 'முடிச்சியா?' என்பதுதான். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் இது ஏவல் வினா. கேள்வி வடிவில் வரும் உத்தரவு. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் அறியாவினாவும், முடியாது என்னும் எதிர்மறையும் இந்தப் பேச்சில் இன்னும் பிறக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு ஃபனகலோ வளர்கிறது என்றால் மிகையல்ல.

இதனால் நட்டம் யாருக்கு? பிரஸ் மெஷினில் சென்சார் வேலை செய்யவில்லை என்று சொல்லத் தெரியாதவன் விரலை இழக்கிறான். எதற்காகப் பிடித்தம் என்று கேட்கத் தெரியாதவன் கூலியை இழக்கிறான். அவன் குறைந்த கூலிக்குப் பணிவான் என்று காட்டியே முதலாளி நம் கூலியையும் அமுக்குகிறான். நட்டம் இருவருக்கும்தான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் கூறியது. சிறுபான்மையாக நிற்கும் ஒடியாத் தொழிலாளிக்கு அதில் ஒன்றுமில்லை. 1979-ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒரு படி மேலே சென்றது. கூலி விகிதமும் பிடித்தமும் எழுதிய கைப்புத்தகத்தை ஒவ்வொருவருக்கும் கான்டிராக்டர் கொடுக்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் அவன் மொழி அல்லவென்றால், அவனுடைய மொழியிலும் அது இருக்க வேண்டும் என்றது. அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்ட தொழிலாளர் எத்தனை பேர்? 2025 நவம்பர் 21-இல் நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, அந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சட்டத்தில் இருந்தபோதே கைக்கு வராத சொல், இனித் தானாக வந்துவிடாது.

சொல்லுக்காகப் போராட வேண்டியிருக்கிறது என்பதை இந்த வட்டாரமே கண்டது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவு செய்வது முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. ஒரு பெயர்ச்சொல்லுக்கே இவ்வளவு எதிர்ப்பு என்றால், சொற்களின் பலத்தை முதலாளிகள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்றே பொருள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? புதிய சர்வதேச பாஷை ஒன்றை உண்டாக்கச் சொல்லவில்லை. தேவையான பாலம் ஏற்கெனவே கிடக்கிறது. 'பணம் கிடைத்ததா?' என்கிறோம் நாம். 'பைசா மிலா க்யா?' என்கிறான் இந்திக்காரத் தொழிலாளி. 'பைசா மிளிலா கி?' என்கிறான் ஒடியாத் தொழிலாளி. மூன்றிலும் கேள்வி கடைசியில் வந்து நிற்கிறது. ஒடியாவில் நம்முடைய ளகரமும் இருக்கிறது, கேளுங்கள்! சாமன்ஹோப் தேடிப் பிடித்து அமைத்த வசதி நமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஒவ்வொரு கிளையும் முப்பது வாக்கியங்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும், நம் எழுத்திலும் அவர்கள் எழுத்திலுமாக, ஒரே தாளில் அச்சிட வேண்டும். அவற்றில் ஏவல் ஒன்றுகூட வேண்டாம். அதைக் கற்றுக்கொடுக்க மேஸ்திரிகள் இருக்கிறார்கள். 'என் சம்பளச் சீட்டு எங்கே?', 'இது எதற்குப் பிடித்தம்?', 'இந்த மெஷின் ஆபத்து', 'எழுதிக் கொடுங்கள்', 'செய்ய மாட்டோம்' என்பவை இருக்கட்டும். வாயிற்கூட்ட நோட்டீசுகள் நான்கு மொழிகளிலும் வரட்டும். கூலிக் கணக்கும் அபாய எச்சரிக்கையும் அவரவர் தாய்மொழியில் வேண்டும் என்பது கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும். 'வடக்கன்' என்ற சொல்லை நம் தோழர்கள் வாயிலிருந்து துரத்துவோம்.

தமிழுக்கு இதனால் குறைவு வருமோ என்று அஞ்ச வேண்டாம். மிரட்டலாக மட்டும் தமிழைக் கேட்டவன் அதை வெறுப்பான். உரிமைச் சொல்லாகக் கேட்டவன் அதை ஆவலோடு கற்பான். இந்த வட்டாரத்தில் உருவாகிவரும் பாஷைக்கு ஏவலை முதலாளிகள் கொடுத்துவிட்டார்கள். வினாவையும் எதிர்மறையையும் நாம் கொடுப்போம்.