அட்டையில் யார்?

“பறைய அட்டையில போட்டா ஆர் மச்சான் வாங்குவினம்?”

கம்பஸ் கன்டீனில் பிளேன்ரீயும் ரோல்ஸுமாக நாங்கள் ஐந்து பேர் இருந்தபோது வந்த கேள்வி இது. மாணவர்களுக்காக ஓர் இசைச் சஞ்சிகை செய்வது என்று முடிவெடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுத்து வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அட்டைக்கு இரண்டு படங்கள் கையில் இருந்தன. ஒன்று, எங்கள் பீடத்து இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிற பெடியன். கறுப்புப் பின்னணியில், ஸ்டூடியோ வெளிச்சத்தில் எடுத்தது. மற்றது, முதலாம் வருடத் தம்பி ஒருவன் பறை அடிக்கிற படம். பின்னேர வெயில், வியர்த்த முகம், கோல் தோலில் படுகிற அந்தக் கணம். படமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் திறம் என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து.

அட்டையில் வந்தது கிற்றார்.

சாதி என்ற சொல்லை அந்த மேசையில் ஒருத்தரும் சொல்லவில்லை. “வாசகர்” என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம். வாசகருக்குப் பிடிக்காது, வாசகர் கையில் எடுக்கமாட்டினம், முதல் இதழ் தானே, பிறகு பார்ப்பம். நானும் தலையாட்டினேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். வாசகரைப் பற்றி யோசிப்பது பிழையான வேலை இல்லை. சஞ்சிகை வடிவமைப்பு என்றாலே அதுதான். நாங்கள் அதில் நிறைய இடங்களில் அடிபட்டுத்தான் படித்தோம். இன்டிசைனில் பந்தி அமைப்பை வேர்ல்ட் ரெடி கொம்போசருக்கு மாற்றாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இதற்குப் பயந்துதான் இன்னும் பலர் பாமினியை விடாமல் வைத்திருக்கினம். ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பார்த்து ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தோம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இரண்டு பக்கமும் சமப்படுத்தினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் பெரிய ஓட்டைகள் விழுகின்றன. இரண்டு பத்தியாக்கி, வரி இடைவெளியைக் கூட்டிய பிறகுதான் கண் நின்று வாசித்தது. கறுப்புப் படத்துக்கு மேல் சின்ன வெள்ளை எழுத்துப் போட்ட பக்கம் கணினியில் வடிவாக இருந்தது. அச்சில் மை பரவி, சுழிகள் எல்லாம் அடைபட்டுப் போயின.

நடுவில் கம்பி அடிக்கிற சஞ்சிகை என்றால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். எங்களிடம் இருந்த காசுக்கு 32 பக்கம். அட்டைக்கும் நடுத்தாளின் நான்கு பக்கத்துக்கும் மட்டும் நிறம். ஆகவே எதை நிறத்தில் போடுகிறோம், எதைக் கறுப்பு வெள்ளையில் போடுகிறோம் என்பதே ஒரு தீர்ப்பு. பறை பற்றிய கட்டுரை 26ஆம் பக்கத்தில், கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அளவு படத்தோடு வந்தது.

விற்பனைக்குப் பீட வாசலில் மேசை போட்டு இரண்டு நாள் இருந்தோம். அட்டையைப் பார்த்து வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் பாதிப்பேர் எங்கட சிநேகிதர்கள். வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அனிருத் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தோம். அதை எல்லாரும் தட்டிக்கொண்டு போனார்கள். அதில் இருந்ததெல்லாம் அவர்களுடைய போனில் ஏற்கெனவே வந்துவிட்டது. நின்றது வேறு இடத்தில். எங்கள் கம்பஸ் குழு தாங்களே எழுதி மெட்டுப்போட்ட பாட்டொன்றின் வரிகளை, கிற்றார் கோர்ட்ஸ் மேலே குறித்து ஒரு பக்கத்தில் போட்டிருந்தோம். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு காலத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகம் ஏன் அப்படி விற்றது என்று அப்போதுதான் விளங்கியது. பாட்டைப் பற்றி வாசிப்பதைவிடப் பாடிப் பார்க்கத்தான் ஆக்களுக்கு விருப்பம்.

இரண்டாம் நாள் பின்னேரம் அந்தத் தம்பி வந்தான். அட்டையைப் பார்த்தான். திருப்பித் திருப்பி 26ஆம் பக்கத்துக்கு வந்தான். “அட்டைக்கெண்டு தானே அக்கா படம் எடுத்தனீங்கள்?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நான் இடம், அச்சுச் செலவு என்று ஏதோ சொன்னேன். இரண்டு பிரதிக்குக் காசு தந்து வாங்கிக்கொண்டு போனான். ஒன்று தன் அப்பாவுக்கு என்றான். காசு வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு யோசித்தேன். வாசகர், வாசகர் என்று மூன்று மாதம் கதைத்தோமே, அந்த வாசகர் ஆர்? ஊடகப் பாடத்தில் படித்த மாதிரி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம்: வயது 18 முதல் 25, சினிமாப் பாட்டு விருப்பம், கையில் போன். இந்தத் தாளில் இருக்கிற ஆளை ஒருத்தரும் கண்டதில்லை. பறை பிடிக்காது என்று அவர் எங்களிடம் சொன்னதுமில்லை. அந்தத் தம்பியும் 18 முதல் 25க்குள்தான். அவனும் கையில் போனோடுதான் வந்தான். ஆனால் “வாசகர்” என்று நாங்கள் சொன்னபோது அவன் எங்கள் நினைவில் இல்லை. அவன் நாங்கள் எழுதுகிற விஷயம், வாசிக்கிற ஆள் வேறு என்று நினைத்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் பறையைச் செத்த வீட்டோடும் ஒரு சாதியோடும் கட்டி வைத்திருக்கிறோம். மட்டக்களப்புப் பக்கம் போனால் பறைமேளக் கூத்து என்று ஓர் ஆற்றுகை மரபே இருக்கிறது. இது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். கட்டுரையிலும் எழுதியிருந்தோம். உள்ளே பறையைப் புகழ்ந்து எழுதிவிட்டு, வெளியே காட்ட வெட்கப்பட்டிருக்கிறோம். அந்த வெட்கத்துக்கு “வாசக ஈர்ப்பு” என்று பெயர் வைத்தோம். வாசகருக்குப் பிடிக்காது என்று நாங்கள் சொல்கிற பல இடங்களில், பயப்படுவது நாங்கள்தான்.

என் சிநேகிதன் ஒருவனுக்கு இதில் உடன்பாடில்லை. “முதல் இதழ் வித்தாத்தான் ரெண்டாவது வரும். நிண்டு பிடிச்ச பிறகு நினைச்சதச் செய்யலாம்” என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அச்சகக் கடன் உண்மையான கடன். ஆனால் முதல் இதழின் அட்டைதான் இந்தச் சஞ்சிகை ஆருக்கு என்று சொல்கிறது. அதில் இடமில்லாத ஆள் இரண்டாவது இதழை ஏன் எடுத்துப் பார்க்கவேணும்? அதோடு, விற்பனைக்காக விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாரும் தப்பியதும் இல்லை. பிரித்தானியாவின் என்எம்ஈ 1952இல் தொடங்கிய இசைப் பத்திரிகை. விற்பனை விழ, 2015இல் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், அட்டையில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய நட்சத்திரங்களைப் போட்டுப் பார்த்தார்கள். 2018இல் வாராந்த அச்சுப் பதிப்பு நின்றது. மறுபக்கம், 1976இல் இலண்டனில் வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருந்த மார்க் பெரி என்ற இளைஞர் ஸ்னிஃபிங் குளூ என்று ஒன்று தொடங்கினார். தட்டச்சில் அடித்து, தலைப்பைக் கையால் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்தது. வடிவமைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வருடமே நிறுத்தியும் விட்டார். ஆனாலும் பங்க் இசையைப் பற்றிக் கதைக்கிற எவரும் அதைத் தவிர்த்துவிட்டுக் கதைப்பதில்லை. அவர் தான் போய்க் கேட்ட கச்சேரிகளைப் பற்றி, அங்கே பக்கத்தில் நின்ற ஆக்களுக்கு எழுதினார்.

எங்களைப் போன்ற மாணவச் சஞ்சிகைக்கு விளம்பரம் தருகிற கம்பனி இல்லை. இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. துணிவதற்கு இதைவிட வசதியான இடம் பிறகு வாழ்க்கையில் கிடைக்குமா தெரியாது.

ஆகவே, நீங்களும் இப்படி ஒன்று செய்ய யோசிக்கிறீர்கள் என்றால், வாசகரின் கண்ணுக்காக எல்லாம் செய்யுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், விலையைக் குறையுங்கள், பாட்டைக் கேட்க கியூஆர் கோட் போடுங்கள், பாடிப்பார்க்க வரிகளைப் போடுங்கள். ஆனால் “ஆக்கள் என்ன நினைப்பினம்” என்று ஒன்றைப் பின்பக்கத்துக்குத் தள்ளும்போது, எந்த ஆக்கள் என்று ஒருமுறை பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அது உங்களுடைய பயம்.

இரண்டாவது இதழுக்கு அந்தத் தம்பியிடம் படம் கேட்கவில்லை. ஆசிரியர் குழுவுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறோம். அட்டைப் பிழைக்கு மன்னிப்பும் கேட்டேன். “யோசிச்சுச் சொல்லுறன் அக்கா” என்றான். இன்னும் சொல்லவில்லை.