வைன்ல மிளகு மணந்தா கொண்டாட்டம், நம்ம மிளகுக்கு ஒரு பேர் கூட இல்ல

பிரான்ஸ்ல ரோன் ஆத்தோரம் விளையுற சிவப்பு வைனைப் பத்தி எழுதுறவங்க அடிக்கடி பாவிக்கிற சொல் ஒன்னு இருக்கு: மிளகு வாசனை. இது வெறும் வர்ணனை இல்ல. 2008ல அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிரா திராட்சையில இந்த மணத்தைத் தர்ற பொருளைக் கண்டுபிடிச்சாங்க. பேர் ரொட்டண்டோன். கருமிளகுலயும் இருக்கிறது அதே பொருள்தான்.

வட ரோன்ல கொர்னாஸ்னு ஒரு சின்ன ஊர். செங்குத்தான கருங்கல் சரிவுல சிரா மட்டும்தான் பயிரிடுவாங்க. 1938ல இருந்து அந்த ஊர்ப் பேரைப் போட்டு விக்கிற வைன்ல வேற திராட்சை கலக்கக் கூடாதுன்னு சட்டம். போத்தல்ல ஊர்ப் பேர்தான் பெருசா இருக்கும், விலையும் அந்தப் பேருக்குத்தான்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். நாவுலயில இருந்து மாத்தளைக்கு ஏ-9 வீதியில போனா ரெண்டு பக்கமும் வாசனைத் தோட்டங்கள். வெளிநாட்டுக்காரங்க பஸ்ஸுல வந்து இறங்கி மிளகுக் கொடியைப் படம் எடுக்கிறாங்க. ஆனா மாவட்டத்துல வீட்டுத் தோட்டத்துல மிளகு பறிக்கிறவங்க கதை வேற. சாக்குல கட்டிக் கடைக்குக் கொண்டு போனா அது வெறும் மிளகு, அன்னைக்கு என்ன விலையோ அதுதான். எந்த ஊரு, எந்த மண்ணு, எப்படிக் காயவச்சதுன்னு கேக்க ஆளில்ல.

பேர் இல்லாத பொருளை யாரும் கலக்கலாம். வியட்நாம் மிளகு இலங்கை வழியா, இலங்கைப் பேருல இந்தியாவுக்குப் போகுதுன்னு அங்கத்த விவசாயிகள் சத்தம் போட்டாங்க. 2017 டிசம்பர்ல இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைஞ்ச மிளகை இறக்குமதி செய்யக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. யாரோ செஞ்ச கலப்படத்துக்கு நம்ம ஆக்களோட மிளகும் சேர்ந்து சந்தேகப்பட்டுச்சு.

இதே நோய் பிரான்ஸ்லயும் இருந்துச்சு. தென் ரோன்ல ஷாத்தோநெஃப்-து-பாப் ஊர்ப் பேரை ஒட்டி மத்தவங்க மட்ட வைன் வித்தாங்க. 1923ல பரோன் லெ ருவா தலைமையில ஊர் விவசாயிகள் தாங்களே விதி எழுதினாங்க. லவெண்டரும் தைமும் வளருற நிலத்துலதான் இந்தத் திராட்சை விளையணும், மதுசாரம் 12.5 வீதத்துக்குக் குறையக் கூடாது, பழுதான பழத்தைப் பொறுக்கி எறியணும். 1936ல அரசாங்கம் அதைச் சட்டமாக்குச்சு.

என் கருத்து இதுதான்: மாத்தளை மிளகுக்கும் ஒரு பேர் வேணும், அதுக்கு முன்னாடி விதி வேணும். கைச்செலவுக்காகவும் களவுக்குப் பயந்தும் பிஞ்சுலயே பறிக்கிற பழக்கம் இருக்கு. பேர் வேணும்னா முத்தின மிளகுதான் பறிக்கணும், தரையில பரப்பாமச் சுத்தமா காயவைக்கணும். நல்லாச் செஞ்சா கூடுதல் காசு வரும்னு உறுதி இல்லாம, கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட காத்திருங்கன்னு சொல்றது நியாயமில்ல. அதனால அரசாங்கமும் வாங்குறவங்களும் விலையில அதைக் காட்டணும். முடியாத காரியம் இல்ல. 2022ல சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு குடுத்திருக்கு. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தோட ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே இருக்கு.

சாப்பாட்டு விசயமும் ஒன்னு. வைன் நம்ம கறிக்கு ஒத்துவராதுன்னு சொல்றவங்க மிளகாயை நினைச்சுத்தான் சொல்றாங்க. மிளகாய் காரம் மதுசாரத்தோட எரிவையும் துவர்ப்பையும் கூட்டிக் காட்டும். ஆனா போர்த்துக்கீசர் காலத்துக்கு முன்னாடி நம்ம சட்டியில காரம்னா மிளகுதான். மிளகாய்ங்கிற சொல்லே மிளகுல இருந்து வந்ததுதானே. வறுத்த மிளகு தூவி வத்தவச்ச மாட்டிறைச்சிப் பிரட்டலுக்கு சிரா வைன் நல்லாவே பொருந்தும். இறைச்சிக் கொழுப்பு துவர்ப்பை அடக்கும், மிளகும் வைனும் ஒரே மணத்துல சேரும்.

குடிக்கிறதும் குடிக்காததும் அவங்கவங்க விருப்பம். ஆனா மிளகு மாதிரி மணக்குதுன்னு ஒரு வைனுக்குக் காசு குடுக்கிற உலகத்துல, மிளகையே விளைவிக்கிறவங்க பேரில்லாம இருக்கிறது சரியில்ல.