டியூப்லெஸ் வந்தாச்சு... பஞ்சர் கடைக்கு என்ன ஆச்சு?

உங்க வண்டி கடைசியா எப்போ பஞ்சர் ஆச்சு? யோசிச்சாதான் ஞாபகம் வருதா? அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. மொட்டை வெயிலில் பஞ்சர் கடை தேடி வண்டியைத் தள்ளிக்கிட்டே போன கதை அவரிடம் நாலாவது இருக்கும்.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். நமக்கு இது வசதி. பஞ்சர் கடைக்காரருக்கோ பொழப்பின் அடிமடியிலேயே கைவைத்த மாற்றம். முன்பெல்லாம் வீலைக் கழற்றி, லிவர் போட்டு டயரை நெம்பி, டியூபை உருவி, தண்ணீரில் முக்கி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உரசி, சொல்யூஷன் தடவி, பேட்ச் ஒட்டணும். அரை மணி நேர வேலை. இப்போ வீலைக் கழற்றாமலேயே ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகினால் பத்தே நிமிஷம். அந்த கிட்டும் ஆன்லைனில் கிடைக்குது, யூடியூப் பார்த்து நாமே போட்டுக்கறோம். போதாக்குறைக்கு, டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, ரிப்பேர் கிட் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்திவிட்டது.

அப்போ தொழில் செத்துப்போச்சா? இல்லை, இரண்டாகப் பிரிஞ்சிடுச்சு.

ஒரு பக்கம் ஏ.சி போட்ட டயர் ஷோரூம். கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் மெஷின் என லட்சக்கணக்கில் முதல் போட்டவர்களின் உலகம். (அங்கே காசு வாங்கிக்கொண்டு நைட்ரஜன் அடிப்பாங்க. நாம சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான் பாஸ்!) 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்ததில் சந்தோஷமும் இவர்களுக்குத்தான். எலெக்ட்ரிக் கார் வந்தால் மெக்கானிக் ஷெட்டெல்லாம் மூடணும்னு சொல்றாங்களே, அந்தப் பயமும் இவர்களுக்குக் குறைவு. பேட்டரியின் எடையும், எடுத்த எடுப்பிலேயே சீறும் வேகமும் டயரைச் சீக்கிரம் தேய்க்கும். ஆயில் மாற்ற வேண்டாம், டயர் மாற்றித்தானே ஆகணும்?

இன்னொரு பக்கம், ஹைவே ஓரத்தில் ஒரு கம்ப்ரெஸரும் தொங்கவிட்ட பழைய டயருமாக நிற்கும் கொட்டகை. பைக் வரத்து குறையக் குறைய இவர்கள் அதிகம் நம்பியிருப்பது லாரியை. பிரச்னையே அங்கேதான். கார் டயரில் 30, 35 பி.எஸ்.ஐ காற்று என்றால், லாரி டயரில் 100-க்கும் மேல். லாக் ரிங் வைத்த பழைய வீலில் அந்த வளையம் சரியாக உட்காராவிட்டால், காற்று அடிக்கும்போதே தெறிக்கும். எதிரே நிற்பவர் உயிரே போகலாம். இதற்காகவே வீலை இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்கணும் என்பது பாதுகாப்பு விதி. ரோட்டோரக் கடைகளில் அப்படி ஒரு கூண்டை எத்தனை இடத்தில் பார்த்திருக்கீங்க? ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்திலேயே பஸ் பறக்கும் ரோட்டில், ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கைவிடுகிற தம்பிக்கு பெரும்பாலும் பி.எஃப், இ.எஸ்.ஐ எதுவும் கிடையாது. ஒட்டினால் காசு, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மேல் நம்ம சந்தேகம் வேற. 'ஆணியை இவங்களே போட்டிருப்பாங்க' என்று பாதி கிண்டலாக, பாதி சீரியஸாகச் சொல்வோம். சில ஊர்களில் அது நடந்ததும் உண்டுதான். ஆனால், நம்ம கணக்கு எங்கே தப்புகிறது தெரியுமா? டயர் ரோட்டில் உருளும் பகுதியில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். பக்கவாட்டில், அதாவது சைடுவாலில் கிழிந்தால் ஒட்டவே கூடாது. வேகமாகப் போகும்போது வெடிக்கும். அங்கேயும் ஒரு திரியைச் செருகிவிட்டு நூறோ நூற்றைம்பதோ வாங்கிக்கொண்டு அனுப்புவது ரொம்ப ஈஸி. வெடிக்கும்போது நீங்க ஐம்பது கிலோமீட்டர் தாண்டியிருப்பீங்க.

'சைடுவால்ல போயிருக்கு தம்பி, ஒட்ட முடியாது, மாத்திடுங்க' என்று ரோட்டோரக் கடை அண்ணன் சொன்னால், டயர் விற்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீங்க. அவர் கடையில் விற்பதற்குப் புது டயரே இருக்காது. அந்த நூறு ரூபாயை விட்டுக்கொடுத்துட்டுத்தான் சொல்றார்.