காலையும் மதியமும் ஸ்கூல் பார்த்துக்குது... ராத்திரிக்கு? - பாவூர்சத்திரம் பக்கத்து சிங்கிள் பேரன்ட் டின்னர் கணக்கு

'ராத்திரிக்கு என்ன?'ங்கிற கேள்வியை, வீட்டில் ரெண்டு பெரியவங்க இருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் தள்ளிவிடலாம். நீங்களே அம்மாவும் அப்பாவுமா இருக்கிற வீட்டில் தள்ளிவிட ஆள் கிடையாது. வேலை முடிஞ்சு பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அந்தக் கேள்வியும் உங்ககூட இறங்கும்.

இதை நாம வழக்கமா சமையல் குறிப்புப் பிரச்னையா மட்டும்தான் பார்க்கிறோம். 'பத்தே நிமிஷத்தில் டின்னர்' வீடியோவை சேவ் பண்ணி வெச்சிட்டு, அதைத் திரும்பப் பார்க்கக்கூட நேரமில்லாம தூங்கிடுறோம். கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா இது ஒரு பாலிசி பிரச்னையும்கூட. எப்படின்னு ஒரு சின்ன கணக்கு போடலாம், வாங்க.

பாவூர்சத்திரம் பக்கத்துல ஓர் அரசுப் பள்ளி. அதில் மூணாவது படிக்கிற ஒரு குழந்தை. திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் குழந்தைக்கு 15 வேளைச் சாப்பாடு வேணும். மதிய உணவுக்கு நம்ம மாநிலத்தில் நீண்ட கதை உண்டு. காமராஜர் 1950-களில் தொடங்கிவைத்ததை, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பிறகு முட்டையும் சேர்ந்தது. காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட சாம்பார். ஆக, 15-ல் 10 வேளை பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. மிச்சம் அஞ்சு. அந்த அஞ்சும் ராத்திரி சாப்பாடு. அந்த அஞ்சுக்குத்தான் யாரும் இல்லை.

(குழந்தை ஆறாவது போயிட்டா காலை உணவும் கிடையாது. தனியார் பள்ளின்னா பதினைஞ்சும் உங்க தலையில்தான்.)

உதவியே இல்லைன்னு சொல்ல முடியாது. 2022-ல் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிருக்குன்னு தனி நல வாரியம் வந்தது. மகளிர் உரிமைத்தொகை மாசம் 1,000 ரூபாய், 2023 செப்டம்பரில் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கும் மாசம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக்கரங்கள்' 2025 செப்டம்பரில் வந்தது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனா, ராத்திரி ஏழு மணிக்கு அந்த அடுப்படியில் பணத்தைவிடப் பெரிய பற்றாக்குறை ஒண்ணு இருக்கு. அது நேரம்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் நடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்காக ஒரு நாளைக்குச் செலவழிக்கிறது சராசரியா 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம்னு அதில் தெரியவந்தது. இந்தப் புள்ளிவிவரத்தை வெச்சு 'ஆண்கள் இன்னும் கொஞ்சம் உதவணும்'னு எழுதுறது வழக்கம். எழுதட்டும், தப்பில்லை. ஆனா, தனியா பிள்ளை வளர்க்கிற அம்மாவுக்கு அந்த 88 நிமிஷமும் கிடையாதே! மனைவியை இழந்த ஒரு அப்பான்னா, 88-லிருந்து ஒரே ராத்திரியில் 289-க்குத் தாவணும். கடுகு எந்த டப்பாவில் இருக்குங்கிறதில் தொடங்கும் அவர் பாடம்.

இதுல பாவூர்சத்திரம் ஏன்? 'சிங்கிள் பேரன்ட்'ங்கிற சொல் சென்னை, பெங்களூர் அபார்ட்மென்ட்டுக்கு உரியதுன்னு நமக்கு ஒரு நினைப்பு. தென்காசி மாவட்டத்துக்கு வந்து பாருங்க. வீட்டுக்காரர் கேரளாவிலோ, வளைகுடாவிலோ, சென்னையில் ஒரு மளிகைக்கடையிலோ இருப்பார். பேப்பரில் அந்தம்மா சிங்கிள் பேரன்ட் கிடையாது. அடுப்படியில் சிங்கிள் பேரன்ட்தான். கீழப்பாவூர், ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் ஏராளமான பெண்கள் வீட்டில் உட்கார்ந்தே பீடி சுற்றுகிறார்கள். பகல் முழுக்க வீட்டில்தானே இருக்காங்க, சமைக்க என்ன கஷ்டம்னு கேட்காதீங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. மடியில் இருக்கிற தட்டை இறக்கிவெச்சிட்டு எழுந்தா, அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. இன்னொரு பக்கம், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்னுட்டு வர்றவங்க. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே 2021-ல்தான். மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு, லேப்டாப் பையோட வீடு திரும்புறவங்களும் இந்தப் பக்கம் உண்டு. வேலை வேற வேற. ஏழு மணிக் கேள்வி ஒண்ணுதான்.

இந்த ஊரில் ஒரு முரண் இருக்கு. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை இந்த வட்டாரத்துக்கே பெருசு. புளியரை வழியா கேரளாவுக்கு லாரி லாரியா காய் போகும். ஓணம் வந்தா விலை எகிறும். கத்தரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளின்னு குவியல் குவியலா காலையில் கைமாறும். மொத்த வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் நீங்க பிள்ளைக்குத் தலை பின்னிட்டு இருப்பீங்க. நீங்க ஃப்ரீ ஆகும்போது உங்க வழியில் இருக்கிறது மாவுக்கடையும் புரோட்டாக்கடையும்தான்.

அந்த ரெண்டு கடையையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிரானூர் பார்டர் புரோட்டாவுக்காக வெளியூரிலிருந்து கார் பிடிச்சு வர்றாங்க. பக்கத்தில் இருக்கிறவங்க வாரத்துல ஒரு நாள் வாங்கினா என்ன? பாக்கெட் சப்பாத்தி, பரோட்டாவுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி-யும் இல்லை. மாவுக்கடையைப் பத்திச் சொல்லணும்னா, கடந்த 20, 30 வருஷத்தில் வேலைக்குப் போற அம்மாக்களுக்கு எந்தத் தலைவரையும்விட அதிகமா உதவினது கிரைண்டர் வெச்சு மாவு விற்கிற தெருமுனை அக்காதான். முதல் நாள் இட்லி, ரெண்டாம் நாள் தோசை, புளிச்சுப்போன மூணாம் நாள் வெங்காயம் போட்டுப் பணியாரம். மூணு ராத்திரி ஓடிடும். 'கடை மாவா?'ன்னு முகம் சுளிக்கிற சொந்தக்காரங்க யாராவது வந்தா, அவங்களையே அரைக்கச் சொல்லலாம்.

மிச்சம் ரெண்டு ராத்திரிக்கு யூடியூபில் 'ஒன் பாட் மீல்' தேட வேணாம். திருநெல்வேலிச் சீமை அதை எப்பவோ கண்டுபிடிச்சு வெச்சிருக்கு.

ஒண்ணு, உளுந்தஞ்சோறு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து (தோலோட உடைச்ச கறுப்பு உளுந்து). உளுந்தை மட்டும் வாசம் வர வறுத்துக்கோங்க. குக்கரில் அரிசியும் உளுந்தும், பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், உப்பு. நாலரை டம்ளர் தண்ணீர். நாலஞ்சு விசில். அவ்வளவுதான். தாளிப்பு கிடையாது, காய் நறுக்குற வேலை கிடையாது. விசில் வர்றதுக்குள்ள பிள்ளையோட ஹோம்வொர்க் நோட்டைப் பார்த்துடலாம். தொட்டுக்க எள்ளுத் துவையல்தான் ஜோடி. அரைக்க முடியலைன்னா எள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் ஊத்திக் குழைச்சுக்கோங்க. பாட்டிங்க மன்னிச்சிடுவாங்க.

இன்னொண்ணு, கூட்டாஞ்சோறு. இதுக்கு அரை மணி நேரம் ஆகும், ஆனா பாதி நேரம் குக்கர்தான் வேலை செய்யும். அரிசி, அதில் பாதி அளவு துவரம்பருப்பு, ஃப்ரிட்ஜில் கிடக்கிற கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய் எது இருந்தாலும் சரி. தேங்காய், வத்தல், சீரகம், நாலு சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பா ஓட்டின மசாலா. எல்லாத்தையும் மஞ்சள், உப்போட குக்கரில் போடுங்க. புளியை மட்டும் முதல்ல ஊத்தாதீங்க. புளி சேர்ந்தா பருப்பு வேகாம அடம்பிடிக்கும். குக்கரைத் திறந்த பிறகு கரைசலை ஊத்தி அஞ்சு நிமிஷம் கொதிக்கவிட்டு, முருங்கைக்கீரையைப் போட்டு, கடுகு, வடகம் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. சோறு, பருப்பு, காய், கீரை நாலும் ஒரே தட்டில். கழுவறதுக்கும் ஒரே பாத்திரம். இதையும் எண்ணணும். சமையல் நேரத்தைச் சொல்ற எந்த வீடியோவும் பாத்திரம் கழுவுற நேரத்தைச் சொல்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடைச்சா சின்ன வெங்காயத்தை உரிச்சு, ஈரமில்லாம டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வெச்சிடுங்க. தேங்காயைத் துருவி ஃப்ரீசரில். கெட்டியாக் கரைச்ச புளியை ஒரு கொதிவிட்டு பாட்டிலில். இந்த மூணும்தான் வார நாள்ல நேரத்தைத் தின்கிற வேலைகள்.

இவ்வளவு திட்டம் போட்டும் ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளை 'எனக்குப் பசிக்கலை'ன்னு சொல்லும் பாருங்க, அங்கதான் அம்மாவுக்கு உடைஞ்சுபோகும். காரணம் உங்க சமையல் இல்லை. பிள்ளை நாலு, நாலரைக்கே வீட்டுக்கு வந்தாச்சு. மதியம் சாப்பிட்டது எப்பவோ. நீங்க வர்ற ஏழு மணி வரைக்கும் பசியைத் தாங்குமா? பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் தொங்குது. அதைத் தின்னுட்டுத் தூங்கப்போற பிள்ளைக்கு உளுந்தஞ்சோறு எதுக்கு? அதனால டின்னர் பிளான் நாலு மணியில் தொடங்கணும். காலையிலேயே எடுத்துவெச்ச ரெண்டு வாழைப்பழம், அவிச்ச கடலை, சுண்டல், தை மாசம்னா பனங்கிழங்கு. தீ மூட்டத் தேவையில்லாத எதுவும் சரி.

இதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாத்தான் சமாளிக்கணுமா? சிங்கப்பூரில் 1970-களிலிருந்து தெருவோர உணவுக்கடைகளை அரசே கட்டிடம் கட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. தண்ணீர், சுகாதாரச் சோதனை எல்லாம் அங்கே உண்டு. வேலை முடிஞ்சு வர்றவங்க ராத்திரி சாப்பாட்டை அங்கே வாங்கிட்டுப் போறதை யாரும் சோம்பேறித்தனமாப் பார்க்கிறதில்லை. 2020-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேணாம். யாழ்ப்பாணத்தில் ராத்திரிக்கு இடியாப்பம் அவிச்சு விற்கிறவங்ககிட்ட வாங்கிட்டு வந்து, வீட்டில் சொதி மட்டும் வைக்கிறது சகஜம்.

நம்ம ஊர்ல சமையல்கூடம் ஏற்கெனவே இருக்கு. சத்துணவுக்கூடம் மதியத்துக்குப் பிறகு பூட்டிக் கிடக்கு. கிராமங்களில் காலை உணவைச் சமைக்கிறது சுயஉதவிக்குழுப் பெண்கள். அவங்களே சாயங்காலமும் சமைச்சு, அடக்க விலைக்கு வித்தா என்னன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா, விடியுறதுக்கு முன்னாடி எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடுற அந்த அக்காவும் ஓர் அம்மாதான். அவங்க வீட்டிலும் 'ராத்திரிக்கு என்ன?' உண்டு. கூலியை உயர்த்தாம, தனி ஷிஃப்ட் போடாம இதைக் கேட்டா, ஒரு அம்மாவின் சுமையை இன்னொரு அம்மா தலைக்கு மாத்தினதாத்தான் ஆகும்.

அதனால நான் கேட்கிறது ராத்திரி சாப்பாடு இல்லை. நாலு மணிக்குப் பள்ளி மணி அடிக்கும்போது ஒரு கிண்ணம் சுண்டல். மதியமே அவிச்சு வெச்சிடலாம், தனி ஷிஃப்ட் வேணாம். அதுக்கான கூடுதல் கூலியைக் கொடுத்தாப் போதும். அடுத்த முறை உங்க ஊர் கிராம சபையில் மைக் கிடைச்சா, இதைக் கேளுங்க.