வானத்திலும் வரம்பு வேண்டும்

மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் தோட்ட மக்களுக்கு ஏழு கன்னியர் மலையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றிக் கொழும்பு நோக்கி வந்த ஒல்லாந்து விமானம் அம்மலையில் மோதிச் சிதறியது. பணியாளர் உட்பட 191 பேரில் ஒருவரேனும் பிழைத்தாரில்லை.

கட்டுநாயக்கா அண்மித்துவிட்டது என விமானிகள் எண்ணினர். அதுவோ ஏறத்தாழ 40 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது! விமானத்திலிருந்த கருவிகள் காட்டியதை ஒன்றாக இருக்க மற்றொன்றாகப் பொருள்கொண்டு தாழ இறங்கினர். குறுக்கே மலை நின்றது.

மலையாவது நின்ற இடத்தில் நிற்பது. எதிரே வரும் விமானமோ விரைந்து வருவது. 1996 நவம்பர் 12இல் டில்லியிலிருந்து புறப்பட்டு மேலேறிய சவூதி விமானமும், அங்கே இறங்க வந்த கஸகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரி வானில் மோதின. மாண்டோர் 349 பேர். ஏறுவதற்கு 14,000 அடி, இறங்குவதற்கு 15,000 அடி என எல்லை வகுக்கப்பட்டிருந்தது. இடையே இருந்த வேலி ஆயிரம் அடியே. இறங்கிய விமானம் தன் எல்லையைக் கடந்தது; வேலி அழிந்தது. போவதற்கும் வருவதற்கும் அன்று அங்கே ஒரே வான்பாதை. விமானத்தின் உயரத்தைத் திரையில் காட்டும் ராடாரும் அன்று பயன்பாட்டில் இல்லை. மோதலை முன்னறிவிக்கும் கருவியை விமானங்களில் இந்தியா கட்டாயமாக்கியது அதன் பின்னரே.

இரண்டையும் 'மனிதத் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அதனை நாம் ஏற்பதற்கில்லை. மனிதன் தவறுவான் என்பது யாவரும் அறிந்ததே. அறிந்தும், நூற்றுக்கணக்கானோர் உயிரை ஒருவர் கணிப்பில், ஒருவர் செவியில் தொங்கவிட்டது யார் குற்றம்? ஒரு கண் தவறினால் மறு கண் காணவேண்டும். அதுவும் தவறினால் கருவி கூவவேண்டும். அதுவே பாதுகாப்பு.

ஆகவே நாம் கேட்பது இது: இரு விமானங்கள் வரம்பு மீறி நெருங்கி, மோதாமல் தப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அரசு விசாரித்து, மக்கள் அறிய வெளியிடட்டும். வான்வழியைக் கண்காணிக்கும் ஊழியர்க்குப் போதிய ஓய்வும், போதிய துணையும், பழுதற்ற கருவியும் கிடைக்கட்டும். பிணத்தை எண்ணிய பின்னர்தான் பாடம் படிப்போம் என்பது ஆட்சிக்கு அழகன்று. அப்பாடத்துக்கு நம் மலை கொடுத்த விலை 191 உயிர், அது போதும்.