ஏசி 24-ல்தான் ஓடுது... ஜன்னல் ஓரம் மட்டும் ஏன் வியர்க்குது?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி அலுவலகம். மாலை 4 மணி. மேற்குப் பக்கக் கண்ணாடி ஓரம் இருப்பவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அதே தளத்தின் நடுவில் இருப்பவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு டைப் செய்கிறார். தெர்மோஸ்டாட் காட்டுவது 24 டிகிரி. இவர்களில் யார் மிகைப்படுத்துகிறார்?

யாருமே இல்லை. தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது அது இருக்கும் இடத்துக் காற்றின் வெப்பம் மட்டும்தான். உடம்போ சுற்றியுள்ள பரப்புகளின் சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், உடை, செய்யும் வேலை என எல்லாவற்றையும் சேர்த்தே உணர்கிறது. இந்த ஆறு அம்சக் கணக்கை டென்மார்க் விஞ்ஞானி ஃபேங்கர் 1970-லேயே நூலாக வெளியிட்டார். ஆனால், உடம்பில் நேரடியாக விழும் வெயிலையும் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்காவின் ஆஷ்ரே-55 தரநிலைக்குள் வந்தது 2017 பதிப்பில்தான். இவ்வளவு தாமதம் ஆச்சரியம்தான்!

திரையை இழுத்துவிட்டால் போதாதா?

பாதிதான் உதவும். மேலே வெயில் படுவது நிற்கும். ஆனால் கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு. திரையே சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள் விடும். வெட்டிவேர் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

சன்ஷேடும் மேற்கில் அவ்வளவாகக் கைகொடுக்காது. உச்சி வெயிலைத் தடுக்கும். சாயங்கால வெயில் சரிவாக, அதற்குக் கீழே புகுந்துவிடும். அங்கே செங்குத்தான தடுப்புகள் வேண்டும். சென்னையில் இன்னொரு சிக்கல்: ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் வடக்கு ஜன்னலும் முழுக்கத் தப்பாது.

பில் யார் தலையில்?

ஜன்னல் ஓரத்தில் இருந்து புகார் வந்ததும் ஏசியைக் குறைப்பார்கள். நடுவில் இருப்பவர் இன்னும் நடுங்குவார். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய மின்துறை அமைச்சகம் 2018-ல் சொன்ன கணக்கு. குறைத்தால் அதற்கேற்ப செலவு ஏறும்.

மத்திய அரசின் 2017 எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, ஜன்னல் பரப்பு வெளிச்சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டாத வடிவமைப்பைப் பரிந்துரைக்கிறது. ஆனாலும் முழுக் கண்ணாடி முகப்புக்குத்தான் மவுசு. கண்ணாடியைத் தேர்வு செய்வது கட்டுமான நிறுவனம். மாதாமாதம் கரண்ட் பில் கட்டுவதோ பெரும்பாலும் வாடகைக்கு வந்த நிறுவனம். பிறகு எப்படி மாறும்?

இப்போதைக்குச் செய்யக்கூடியது: ரிமோட்டைத் தொடும் முன், புகார் சொன்னவர் மேல் வெயில் விழுகிறதா எனப் பாருங்கள். விழுந்தால் மேசையை இரண்டடி நகர்த்தினாலே பல நேரம் வித்தியாசம் தெரியும்.